ஓனரம்மா

கையிலிருந்த கருங்கல்லை ஓங்கி மறுபடியும் பூட்டின் மேல் இறக்கினாள் கௌசல்யா.

இரும்பு கேட் அதிர்ந்தது. மதில்மேல் இருந்த காக்கை பறந்தது. பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது.

"அக்கா, கல்லைக் கீழ போடுங்க. கை கிழிஞ்சிருச்சு பாருங்க."

பின்னால் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான் விஜய்குமார். ஹைவே ஓட்டலில் அவள் புருஷனோடு வேலை பார்க்கும் டீ மாஸ்டர்.

"விடு விஜய். அவிய எம்புட்டு நேரந்தான் வண்டிக்குள்ளயே கெடப்பாவ?"

சந்தின் நடுவில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. சைரன் இல்லை. சைரன் போட வேண்டிய அவசரமெல்லாம் காலையிலேயே மெடிக்கல் காலேஜில் முடிந்துவிட்டது. உள்ளே வெள்ளைத் துணிக்குக் கீழே அவள் புருஷன் தாணுமாலையன் படுத்திருந்தார். இந்த மலையாள ஊரான கழக்கூட்டத்தில் அவர் போட்ட பரோட்டாவைச் சாப்பிடாத ஐ.டி. பிள்ளைகள் குறைவு. நேற்று சாயங்காலம் மாவை வீசிக்கொண்டிருந்தவர், வீசிய மாவு கல்லில் விழுவதற்குள் தான் விழுந்தார்.

பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம், வீட்டின் சிட்-அவுட்டில், தூணைப் பிடித்தபடி நின்றிருந்தாள் செல்லபாய். வீட்டுக்கார அம்மாள். அறுபதைத் தாண்டிய வயது. வெளுத்த நைட்டி, தோளில் ஒரு துண்டு. சாவி அவள் வலது கைக்குள் இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் வெளுத்திருந்தன.

"ஓனரம்மா!" கம்பிகளுக்கிடையே முகத்தைப் புதைத்துக் கத்தினாள் கௌசல்யா. "ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம். குளிப்பாட்டி, ஒரு வேட்டி கட்டி, எடுத்துட்டுப் போயிருதேன். ஒங்க வாசல்ல கூட வேண்டாம். பின்னால, எங்க ரூம்ல."

"நான் வீடு தரும்பமே சொன்னேம்லா பிள்ளே?" செல்லபாயின் குரல் வறண்டிருந்தது. "கல்யாணம், சாவு, ரெண்டும் இஞ்ச வச்சு வேண்டாம்னு சொன்னேன். நீயும் சரின்னு தலையாட்டினே."

சொன்னாள்தான். அன்றைக்கு கௌசல்யா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். கல்யாணம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, சாவு எங்கேயோ தூரத்தில் இருக்கிறது என்ற நினைப்பு. அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் இதே நிபந்தனைதான். போன மழைக்காலத்தில் நாலாவது வீட்டில் குடியிருந்த பெயின்டர் காய்ச்சலில் போனபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி சந்துக்குள் வராமலே செங்கோட்டைக்குப் போய்விட்டது. அவன் பெண்டாட்டி சந்துமுனை வரைக்கும் ஓடிவந்து அந்த வண்டியில் ஏறிக்கொண்டாள். யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. வாடகைக்காரன் இங்கே வாழலாம். சாகக் கூடாது.

"ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே?" எதிர்வீட்டு மாடியிலிருந்து துணி உதறிக்கொண்டே கேட்டாள் பொன்னம்மை. அவளுக்கும் இரண்டு வாடகைக் குடித்தனங்கள் உண்டு. "உங்க பாண்டி நாட்டுல சொந்தக்காரங்க இல்லாமலா இருப்பாவ?"

கௌசல்யா அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலை அவள் ஆம்புலன்ஸில் வரும்போதே போனில் கேட்டாகிவிட்டது. தாணுமாலையனின் அண்ணன் பேசினான். அழுதான். அழுதுகொண்டே சொன்னான்: "இஞ்ச கொண்டு வந்திராத கௌசல்யா. நீ யாரு, எந்தத் தெருக்காரின்னு இவனுவ இன்னும் மறக்கல. தெருவுக்குள்ள விடமாட்டானுவ. செத்தவனுக்கு அந்த அசிங்கம் வேண்டாம்."

அவள் தெருவிலிருந்தும் இதே வார்த்தைகள்தான் வரும். கேட்கவே வேண்டியதில்லை. இரண்டு தெருவுக்கும் இந்த ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை. ஆக, இந்தப் பூமியில் தாணுமாலையனுக்கு என்று மிச்சமிருந்தது, பூட்டிய இந்த கேட்டுக்குள்ளே, வீட்டின் பின்பக்கம் ஒட்டுப்போட்டுக் கட்டிய ஒரு ரூமும் அடுக்களையும்.

அதையும் அவர் தன்னுடையதாக நினைத்ததில்லை. காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்கக்கூட யோசிப்பார். "அவங்க செவரு புள்ள. கேக்காம அடிக்கப்படாது" என்பார். கேட்கவும் கூச்சம். கடைசியில் ஜன்னல் கம்பியில் சணல் கட்டித் தொங்கவிட்டார்.

பைக் சத்தம் கேட்டது.

ஆம்புலன்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான் ஷிஜு. செல்லபாயின் மகன். மேல்மாடியில் பெண்டாட்டியோடு இருப்பவன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் பார்த்தது பூட்டைத்தான்.

"ஆரு அடிச்சது இத? பெயின்ட் எல்லாம் போச்சு."

"தம்பி..." கௌசல்யா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சேச்சி, எனக்கு சங்கடம் இல்லாம இல்ல. மாஸ்டர் நல்ல மனுசன். ஆனா நான் சொல்றதயும் மனசிலாக்கணும். மாடி முழுசும் ரூமாக்கி ஐ.டி. பிள்ளைங்களுக்குக் குடுக்கப் போறேன். நாளைக்கு ஆள் பாக்க வருது. சவம் வெச்ச வீடுன்னு ஒரு வார்த்தை கேட்டா ஒருத்தி வரமாட்டா. நேரா தைக்காடு சாந்திகவாடம் சுடுகாட்டுக்குக் கொண்டு போங்க. அங்கயே எல்லா சௌகரியமும் உண்டு. ஆம்புலன்ஸ் காசு நான் தாறேன்."

"காசு வேண்டாம் தம்பி. கதவு தொறந்தா போதும்."

"அது மட்டும் நடக்காது."

மாடியைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, அவன் ஒரு விரலை உயர்த்தினான். "சாவி எவிட? கையில இருக்கில்ல? அங்கயே இருக்கட்டும்." செல்லபாய் தலையை அசைத்தாள். கௌசல்யாவுக்கு அந்தத் தலையசைப்பைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் இந்தப் பொம்பளைக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கல்நெஞ்சுக்காரி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஹாரன் அலறியது. ஐ.டி. பார்க்குக்குக் குறுக்குவழியாகப் போகும் கம்பெனி வண்டி ஒன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆம்புலன்ஸ் டிரைவர் இறங்கி வந்து விஜய்குமாரிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எனக்கு அடுத்த ஓட்டம் உண்டு. ஒரு தீர்மானம் பண்ணுங்க."

கௌசல்யா தீர்மானம் பண்ணிவிட்டாள்.

"எறக்குங்க," என்றாள்.

"எங்கக்கா?"

"இஞ்சதான். இந்த கேட்டுக்கு முன்னால. ரோடு யாருக்கும் சொந்தமில்லல்லா? வாடகையும் கேக்க மாட்டாவ."

விஜய்குமார் அவள் முகத்தைப் பார்த்தான். டிரைவரும் அவனுமாக ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். தார் கொதித்துக்கொண்டிருந்தது. கௌசல்யா தன் சேலைத் தலைப்பை அவிழ்த்து, தலைமாட்டில் நின்று நிழல் பிடித்தாள். வெள்ளைத் துணி விலகியது. தாணுமாலையனின் முன்கை ரோமங்களில் நேற்றைய மைதா இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

"தண்ணி குடு விஜய்."

பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவன் நீட்டினான். இன்னும் கொஞ்சம் குழாயில் பிடிக்கலாம் என்று எதிர்வீட்டுப் பக்கம் திரும்பினான். பொன்னம்மையின் வீட்டு வெளிக்குழாய் அருகே அவன் போவதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது: "மோனே, மோட்டார் ரிப்பேர். தண்ணி இல்ல." குழாயின் கீழே வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

கௌசல்யா பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றினாள். புருஷனின் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கண், மூக்கு. கையில் மைதா மாவு ஈரம்பட்டுப் பிசுபிசுத்தது. தேய்க்கத் தேய்க்க அது போகாமல் இழுத்தது. நின்றிருந்த கம்பெனி வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

"எந்தா இது? ஊருக்கே காட்டுறதுக்கா?" ஷிஜு போனை எடுத்தான். "இப்ப போலீஸ் வரும். ரோட்ட மறிச்ச கேஸ்தான் ஆகும்."

வந்தது. ஜீப்பில் ஒரு எஸ்.ஐ., நடுவயதுக்காரர். இறங்கியவர் தரையில் கிடந்த உடலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்தச் சந்தில் அன்றைக்குத் தாணுமாலையனுக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

இரண்டு பக்கமும் கேட்டார். ஷிஜு நிறையச் சொன்னான். கௌசல்யா கொஞ்சம் சொன்னாள்.

"வாடகை பாக்கி உண்டோ சேச்சி?"

"ஒரு மாசம் கூட இல்ல சார்."

"சாமான் எல்லாம் உள்ளயா?"

"அடுப்புல நேத்து வெச்ச சோறு கூட அப்படியே இருக்கும் சார்."

எஸ்.ஐ. ஷிஜு பக்கம் திரும்பினார். மலையாளம் கலந்த தமிழில், வகுப்பெடுப்பதுபோல் நிதானமாகப் பேசினார். "கேளு. பத்திரம் ஆரு பேர்ல இருக்கோ வீடு அவங்களுக்குச் சொந்தம். சரியா? ஆனா வாடகைக்குக் குடுத்துட்டா, அந்த ரூம் இவங்க கைவசம். சொந்தம் வேற, கைவசம் வேற. இவங்கள வெளிய நிறுத்தி கேட்டைப் பூட்ட சொந்தக்காரனுக்கே அதிகாரம் இல்ல. எறக்கணும்னா கோர்ட்ல போய் உத்தரவு வாங்கிட்டு வரணும். இவங்க உயிரோட உள்ள போனாலும் சரி, உயிர் இல்லாம போனாலும் சரி. மனசிலாயோ?"

கௌசல்யா நிமிர்ந்தாள். ஈரக் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. ஒரு ஆணிக்குக் கூச்சப்பட்ட மனுஷன் கீழே கிடக்கிறார். அவருக்கு இத்தனை அதிகாரம் இருந்ததா? யாராவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவரிடம் இதைச் சொல்லியிருக்கலாமே!

"அப்போ பூட்டைத் தொறக்கச் சொல்லுங்க சார்!"

எஸ்.ஐ. கழுத்தைத் தடவிக்கொண்டார். "அதுதான் சேச்சி கஷ்டம். என்னால பூட்டை ஒடைக்க முடியாது. இது சிவில் காரியம். நீங்க வக்கீல வெச்சு மனு குடுத்தா, கோர்ட்டு கண்டிப்பா உங்க பக்கந்தான் சொல்லும்."

"எப்ப சொல்லும்?"

அவர் வெயிலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

சட்டம் அவள் பக்கம். சாவி அந்தப் பக்கம். நடுவில் ஒரு பிணம்.

ஷிஜுவின் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. "அதானே சார். நானும் அதத்தான் சொல்றேன். வேணும்னா கோர்ட்டுக்குப் போகட்டும்."

"இருங்க." எஸ்.ஐ.யின் குரல் கொஞ்சம் தடித்தது. "வீட்டு ஓனர் மனசு வெச்சா இப்பவே தொறக்கலாம். எனக்கு வேண்டியது அது. இவிட ஓனர் ஆரு?"

ஷிஜு வாயைத் திறந்தான். "அது வந்து சார்..."

"நான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

செல்லபாய் தூணை விட்டுவிட்டு கேட்டருகே வந்திருந்தாள். எப்போது நடந்து வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் கண்கள் கம்பிகளினூடே தரையில், அந்த மாவு ஒட்டிய கையில் நிலைகுத்தி இருந்தன.

"நாந்தான் ஓனரு. எனக்க அப்பன் தந்த மண்ணு. எனக்க வீடு. எனக்கு மனசு உண்டு."

"அம்மா!" ஷிஜு பல்லைக் கடித்தான். "என்ன பேசுதோம்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரிஞ்சுதான் மக்கா."

"நான் சொன்னத மறந்திட்டியா?"

"மறக்கல. இல்லேங்குதியா நீ? நான் ஓனர் இல்லன்னா, இந்த சார்கிட்ட சொல்லு. பொன்னம்மை நிக்கா, சந்து முழுக்க நிக்குது. எல்லாருக்கும் கேக்கமாதிரி சொல்லு. நான் யாருன்னு சொல்லு."

மாடியில் பொன்னம்மையின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

ஷிஜு அம்மாவையே பார்த்தான். என்னவோ சொல்ல உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினான். பைக்கைத் திருப்பினான். போகிற போக்கில் மெதுவாக, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சரி. பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனான். பக்கத்தில் நின்ற கௌசல்யாவுக்கும் அது கேட்டது. தாய்க்கும் மகனுக்கும் இருக்கிற வழக்கமான வீம்பு என்றுதான் நினைத்தாள்.

பூட்டு திறந்தது. கல்லால் அடித்ததில் வளைந்திருந்ததால் சாவி இரண்டு முறை சிக்கியது. எஸ்.ஐ.யே கைகொடுத்து இழுத்தார்.

"பின்னால கொண்டு போறோம் ஓனரம்மா," என்றான் விஜய்குமார்.

"பின்னால எதுக்கு? அவரு என்ன திருடனா? இஞ்ச வைய்யி. சிட்-அவுட்ல."

வைத்தார்கள். பளபளக்கும் புது டைல்ஸ்மேல் தாணுமாலையன் படுத்தார். வாடகை கொடுக்க வரும்போதுகூட அந்த டைல்ஸில் கால் வைக்காமல் படிக்குக் கீழே நின்றே கொடுத்துவிட்டுப் போனவர். செல்லபாய் மோட்டாரைப் போட்டாள். தன் கையாலேயே குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து வந்தாள். சிகைக்காய்ப்பொடி தேடி, கிடைக்காமல், தன் சோப்பைக் கொடுத்தாள். கிறிஸ்தவப் பொம்பளை, திருநீறு எங்கே பூச வேண்டும், எத்தனை விரல் என்று கௌசல்யாவிடம் கேட்டுக் கேட்டுச் செய்தாள்.

"வெந்நி வேணுமா பிள்ளே? பச்சத்தண்ணி குளிருமா இருக்கும்."

கௌசல்யா அவளைப் பார்த்தாள். செல்லபாயும் தான் சொன்னதை அப்போதுதான் உணர்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். காலையிலிருந்து தேக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. கௌசல்யா தன் புருஷனுக்காக அழுதாள். செல்லபாய் யாருக்காக அழுகிறாள் என்று அவள் கேட்கவில்லை.

எதிர்வீட்டுப் பொன்னம்மை கொஞ்ச நேரம் கழித்து ஒரு குடம் தண்ணீரோடு வந்து நின்றாள். "மோட்டார் சரியாயிட்டு," என்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. குடத்தை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

ஒரு மணி நேரம் என்று கேட்டவள் சாயங்காலம் வரை வைத்திருந்தாள். ஓட்டல்காரர்கள் வந்தார்கள். பரோட்டா தின்ற பிள்ளைகள் சிலபேர், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, வந்து கும்பிட்டுப் போனார்கள். பிறகு சாந்திகவாடம். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாததால் அதையும் கௌசல்யாவே வைத்தாள். ஒருத்தரும் தடுக்கவில்லை.

மறுநாள் திருவல்லம் ஆற்றில் சாம்பலைக் கரைத்துவிட்டு, ஈரச் சேலையோடு அவள் திரும்பியபோது கேட் விரியத் திறந்து கிடந்தது. வாசலில் ஒரு ஆட்டோ. பின்சீட்டில் ஒரு இரும்புப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு தலையணை. ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள் செல்லபாய். மாடியில் ஷிஜு பால்கனிக் கதவுக்குப் பின்னால் நிற்பது நிழலாகத் தெரிந்தது.

"எங்க ஓனரம்மா, இத்தன சாமானோட?"

"விதுராவுக்கு. மகள் வீட்டுக்கு."

"என்னாலதான சண்ட? நான் காலி பண்ணிருதேன். இப்பவே. உங்க மகன் என் மூஞ்சியப் பாக்க வேண்டாம். நீங்க எறங்குங்க."

"நீ எதுக்குக் காலி பண்ணணும்?" செல்லபாய் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். ராத்திரி தூங்காத முகம். ஆனால் என்னவோ இறக்கி வைத்தது போன்ற ஒரு அமைதி. "அந்த போலீஸ்காரன் சொன்னத கேட்டேல்லா? ஒன்ன ஒருத்தனும் தொட முடியாது. நல்லா இரி. காலண்டர இனி ஜன்னல்ல தொங்கவிட வேண்டாம், செவத்துல எங்க வேணும்னாலும் ஆணி அடிச்சுக்க."

"நீங்க இல்லாம எப்படி? ஓனரம்மா நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான..."

செல்லபாய் சிரித்தாள். அழுவதைவிட மோசமாக இருந்தது அந்தச் சிரிப்பு.

"நான் எங்க பிள்ளே ஓனரு? எனக்க புருசன் ஆஸ்பத்திரியில கெடக்கும்ப, பேங்கு லோனுக்குன்னு சொல்லி ஷிஜு என்னக் கார்ல கூட்டிட்டுப் போயி கையொப்பு வாங்கினான். வீடு அன்னைக்கே அவன் பேருக்குப் போச்சு. ஒருத்தருக்கும் தெரியாது. மகளுக்கும் தெரியாது. பாதி அவளுக்குன்னு இன்னும் நெனச்சிட்டிருக்கா. சந்துக்கு முன்னால அவன் வாயாலயே அதச் சொன்னா, அம்மைய ஏமாத்தினது வெளிய வந்துருமேன்னுதான் நேத்து அவன் வாய மூடினான். வாடக வாங்குதது நான், சாவி வெச்சிருக்கது நான். அதனால எல்லாரும் ஓனரம்மாங்கும்ப, நானும் ஆமான்னு இருந்தேன்."

ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். "போலாமா அம்மச்சி?"

"போ மோனே." செல்லபாய் வாளியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கேட்டியா கௌசல்யா? ஒன்ன எறக்கணும்னா அவன் கோர்ட்டுக்குப் போகணும். என்ன எறக்க ஒரு ஆட்டோ போரும்."